நாற்சந்தியைத் திருப்பித் தருவது தொடர்பாக

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகள் கீழே வருகின்றன. தாங்களும் அக்காவும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டுகிறோம். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும். பாதியில் கோபப்பட்டால் மீதியைப் படிக்க மாட்டீர்கள், விஷயம் மீதியில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் வேலையை நான் பறிக்கவில்லை. போக்குவரத்தைப் போலீஸிடமிருந்து எடுத்து நகராட்சியின் குடிமை அலுவலர்களிடம் கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. நான் மனுவும் போடவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குத் தபாலில் உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி வெளிநோயாளிகள் பிரிவில் முப்பத்தோரு வருஷம் டோக்கன் கொடுத்த என் சேவையை யாரோ ஒரு நல்ல மனிதர் மறக்காமல் இருக்கிறார் என்று நினைத்து, அந்த உத்தரவை நாலு தடவை படித்தேன். எந்த இடம் என்று கடைசி வரியில்தான் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நீங்கள் நின்ற அதே நாற்சந்தி. உத்தரவை அப்படியே உங்கள் தங்கையிடம் நீட்டினேன். "எங்க அண்ணன் நின்ன எடத்துல போய் நிப்பீங்களா? ஊர்ல உங்களுக்கு வேற தெருவே கெடைக்கலையா?" என்று உங்கள் தங்கை கேட்டாள். கேட்டதோடு சரி, அதன் பிறகு என்னிடம் உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பயிற்சி மூன்று நாள் நடந்தது. மேஜை மேல் பொம்மைக் கார்களை வைத்து நகர்த்தச் சொன்னார்கள். எனக்கு முதல் மதிப்பெண். பொம்மைக் கார் ஹாரன் அடிப்பதில்லை அல்லவா. பச்சை மேல்சட்டை, தொப்பி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கட்டு அறிவுரைச் சீட்டு கொடுத்தார்கள். விசில் கிடையாது, அது போலீஸ் சொத்தாம். அபராதம் போடக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, "தயவுசெய்து" என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் காட்ட வேண்டும். நான் ஒரு தயவுசெய்து சொல்லி முடிப்பதற்குள் ஏழு ஸ்கூட்டர் போய்விடுகிறது, எட்டாவது ஆள் நின்று, "என்ன சார், ஏதாவது சொன்னீங்களா?" என்று கேட்கிறான், அவனுக்குப் பதில் சொல்லும்போது அவன் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் என்னைத் திட்டுகிறார்கள்.

முதல் நாள் நான் செய்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் போவதுதான் நியாயம் என்பது என் ரத்தத்தில் ஊறியது. நாலு பக்கமும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "யார் முதல்ல வந்தது?" என்று கேட்டேன். நாலு பக்கமும் "நான்தான்" என்றார்கள். உடனே அறிவுரைச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் எண் போட்டு ஆளுக்கொன்று கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "டோக்கனா? சார், எனக்குப் பின்னாடி அம்பது பேர் உக்காந்திருக்காங்க" என்றார். ஒரே இடத்திலிருந்து சேர்ந்து வருபவர்களுக்கு ஒரே டோக்கன் போதும் என்று விளக்கினேன். பதினாலாம் எண் ஸ்கூட்டர்காரர் முறை வருவதற்கு முன்பே சந்துக்குள் புகுந்து போய்விட்டார். நான் மூன்று தடவை "பதினாலு, பதினாலு" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தானே பதினைந்தை விட முடியும்? இருபத்து மூன்றாம் எண் லாரிக்காரர் ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அவசர சிகிச்சைக்கு டோக்கன் கிடையாது என்று அதை உடனே விட்டேன். அதைப் பார்த்துவிட்டு, மூன்று கார்க்காரர்கள் தங்களுக்கும் நெஞ்சு வலிக்கிறது என்றார்கள்.

மணி ஒன்று ஆனதும் கை தானாகப் போய் உணவு இடைவேளைப் பலகையை மாட்டிவிட்டது. பழக்க தோஷம், மச்சான். ஆஸ்பத்திரிப் பலகைதான், ஓய்வு பெற்ற அன்று ஞாபகமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்தது. குடைக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். முதல் வாய் எடுப்பதற்குள் நெரிசல் கரைந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நீ போ, நான் வருகிறேன் என்று அவரவர் பாட்டுக்குப் போகிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து போய் நின்றேன், இரண்டே காலுக்கெல்லாம் மறுபடி நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் தன் அறிக்கையில், "அலுவலர் இல்லாத ஒரு மணி நேரம் போக்குவரத்து சீராக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். அதில் என்னிடமே கையெழுத்தும் வாங்கினார்.

இதெல்லாம் கூடப் போகட்டும். வண்டிக்காரர்கள் எல்லோரும் உங்களைத்தான் கேட்கிறார்கள். "பழைய சார் எங்க? அவரு கையே தூக்க மாட்டாரு சார், தாடைய லேசா அசைப்பாரு, லாரியே நின்னுரும்" என்கிறார்கள். நானும் கண்ணாடி முன் நின்று தாடையை அசைத்துப் பழகினேன். உங்கள் தங்கை பார்த்துவிட்டு, பல் வலிக்குக் கிராம்பு கொண்டுவந்து வைத்தாள். நீங்கள் நின்று நின்று தார் தேய்ந்து, நடுவில் இரண்டு பாதம் அளவுக்கு வழவழப்பாக இருக்கிறதே, அந்த இடத்தில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். அது சரியாகப் பஸ் திரும்பும் இடம். தினமும் நாலு தடவை பஸ்ஸுக்கு வழிவிட்டு நான் ஓட வேண்டியிருக்கிறது. ஓடினாலும் பரவாயில்லை, உங்கள் இடத்தில் ஏறி நிற்க மாட்டேன்.

பொறுப்பை ஒப்படைத்த அன்று நீங்கள் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைக் கூடப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போனீர்கள். ஸ்டேஷனில் பழைய பதிவேடுகள் அடுக்கும் அறையில் உங்களை உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சிங்கம் மாதிரி நடுரோட்டில் நின்ற மனுஷனைத் தூசிக்குள் போட்டுவிட்டார்களே என்று எனக்கு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தவர், ஒன்பது வாரமாக வரவில்லை. ஒன்பது வாரமும் அவள் மூன்று டம்ளர் காபி போட்டுவிட்டு, பதினோரு மணிக்கு ஒன்றைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை மச்சான்.

எனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நகராட்சிக்குப் போய் விசாரித்தேன். நான் விலகி, நீங்களும் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தால் இந்த ஒரு சந்திக்கு மட்டும் பழைய ஏற்பாட்டை யோசிப்பார்களாம். என் ராஜினாமாவை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களைத் திரும்ப அனுப்பச் சொல்லி நாற்பத்தோரு டிரைவர்கள் போட்ட கையெழுத்தும் இருக்கிறது. நெரிசலில் எப்படியும் சும்மாதானே நிற்கிறார்கள் என்று வாங்கிவிட்டேன். விருப்பப் படிவத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டால் போதும். என்னை மன்னித்து, வரும் ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். முறையில் சிறியவன், வாழ்த்த முடியாது. நீங்கள் நீண்ட நாள் திடமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். அழுதாள். அழுதுகொண்டே உங்கள் வீட்டுக்குப் போன் போட்டாள். அக்கா எடுத்தார். அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "கோவமா? அவருக்கா? இன்னும் ஆறு மாசம் ரோட்டுல நின்னா முழங்கால்ல ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாருமா. சந்திய நகராட்சிக்கு மாத்தறப்ப, அந்த எடத்துக்கு ஒரு ஆளக் காட்டினாத்தான் இவர விடுவோம்னாங்க. உன் வீட்டுக்காரர் பேர இவருதான் எழுதிக் குடுத்தாரு. இப்ப மாப்ள மொகத்துல முழிக்க வெக்கமா இருக்குன்னு, ஞாயித்துக்கிழமை ஆனா போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்கறாரு."

ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ராஜினாமாவை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள். அந்த நாற்பத்தோரு பேரை நான் சமாளித்துக்கொள்கிறேன். நாளையிலிருந்து உங்கள் இடத்திலேயேதான் நிற்கப் போகிறேன், பஸ்ஸுக்கு ஓடி ஓடி எனக்கும் முழங்கால் போய்விட்டால் நான் யார் பெயரை எழுதிக் கொடுப்பது? வலிக்கிறது என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், உத்தரவுக்குக் காத்திருக்காமல் நானே போய் நின்றிருப்பேனே மச்சான். ஞாயிறு கட்டாயம் வாருங்கள். எங்கள் வீடு இரண்டாவது மாடி, நீங்கள் படி ஏற வேண்டாம். கீழே ஆட்டோவை நிறுத்தி ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள், காபியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் இறங்கி வருகிறோம்.