வெறும் சளிக்காரர்

கொரோனாவின் ஆட்டம் அடங்கிவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற ஓர் இனம் நம்மிடையே தாராளமாக நடமாடுகிறது. வெறும் சளிக்காரர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கவே வேண்டாம், அவரே ஆரம்பிப்பார்: ஊரே படுத்துக் கிடந்தபோது எனக்கு மூக்கு ஒழுகியதோடு சரி, மாத்திரைகூட முழுசாய்ப் போடவில்லை, சுடுதண்ணீரிலேயே விரட்டிவிட்டேன் என்பார். கேட்பவர் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்தவர் என்றால் இன்னும் விசேஷம். உடம்பை வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று அவரைப் பார்த்து இரக்கப்படுவார்.

இந்த இனத்தில் முதல் தரம் என் அக்கா வீட்டுக்காரர். கணக்கு வாத்தியார். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் திருப்பத்தில் நின்று, குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவார். போட்டிருப்பது செருப்பு. அடுத்த திருப்பத்தில் ஃபோனைக் காதில் வைத்து, "சரிங்க, சரிங்க" என்பார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. நெஞ்சு பிடித்தால் வாயு, கால் கனத்தால் வயசு. அக்கா டாக்டரிடம் போகலாம் என்று வாயைத் திறந்தால் மட்டும் கோபம் வந்துவிடும். சண்டையில் ஜெயித்தவனிடம் போய்க் காயம் பட்டதா என்று கேட்கலாமா?

ஒருநாள் இல்லாத நாடாவைக் கட்டக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, உள்ளங்கை சில்லிட்டிருந்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அக்கா கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொரோனாவை ஜெயிச்ச மனுஷன் எனக்கு வேண்டாங்க. கூட இருக்கிற மனுஷன் போதும்."

கிளம்பினார். டாக்டரிடமும் வெறும் சளி என்றுதான் ஆரம்பித்தார். டாக்டர் சிரித்தார்.

"சளி மூக்கோட போச்சு சார். அந்த வைரஸ் சிலருக்கு ரத்தக் குழாயோட உள்சுவரையும் பாதிச்சுட்டுப் போகும். குழாய் விறைச்சுப் போகலாம், ரத்தம் உறையலாம். உங்களுக்கு எப்படின்னு பார்த்தாத்தான் தெரியும்."

பார்த்தார்கள். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது, குழாயும் விறைத்திருந்தது. நல்லவேளை, சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அக்கா அங்கேயே அழுதாள். மாத்திரையும் நடையுமாக இப்போது தேறிவிட்டார். தேறியதும் என்ன? போகிற வருகிறவர்களை நிறுத்தி ரத்தக் குழாய் பாடம் எடுக்கிறார்.

இந்நேரம் நீங்களும் உங்களுக்குத் தெரிந்த ஒரு சளிக்காரரை நினைத்து, இதை அவருக்கு அனுப்பலாம் என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் இதையே உங்களுக்குப் படித்துக் காட்ட நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.