காற்றடைப்பும் கல்யாண ஆடும்

அரைகுறையாகப் படித்தவனுக்கு இருக்கும் தைரியம் முழுசாகப் படித்தவனுக்கு வராது. எனக்கு அந்தத் தைரியம் ஏராளமாக இருந்தது. ஈப்போவில் ரேடியோ, டிவி ரிப்பேர் படித்து வாங்கிய சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். (சாமி படங்களுக்கு மேலே. கீழே மாட்டினால் ஈரம் பட்டுவிடும் என்பது அம்மாவின் கணக்கு.)

எண்பதுகளின் கடைசி அது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வயர்மேன் வேலை. ஃபியூஸ் கட்டுவதும் ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி வீட்டு ரேடியோவைத் தட்டித் தட்டிப் பாட வைப்பதும்தான் என் விஞ்ஞானப் பணி. அம்மாவோ பக்கத்து ஊரான ரிங்லெட் வரைக்கும் போய், "எங்க குணா கம்ப்யூட்டர் டாக்டரு" என்று சொல்லி வைத்திருந்தாள். அதை நம்பித்தான் ரிங்லெட்டில் மரக்கறி லோரி ஓட்டும் ஒருவர் தன் மகள் வசந்தியை எனக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அதுவும் பாதி மனதாக. மீதி மனது வேறொரு தோட்டத்துக் கிராணி மகன் பக்கம் இருந்தது.

எனக்கு அப்படியெல்லாம் மனது பிரியவில்லை. ரிங்லெட் கோயில் திருவிழாவில் ஒரு முறை வசந்தியைப் பார்த்திருந்தேன். அழுகின தக்காளியை நல்ல தக்காளிக்கு அடியில் ஒளித்து விற்ற கடைக்காரரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். (அடியில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் பெண், நாளைக்கு என்னையும் கண்டுபிடிப்பாள் என்று தோன்றவில்லை.) ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. விருந்துக்காக அம்மா ஒரு கறுப்பு ஆட்டை வாங்கி வீட்டுக்குப் பின்னால் கட்டினாள்.

அதற்கு முந்தின வாரம் விடாத மழை. மலைச்சரிவு இடிந்து விழுந்து தோட்டத்துக்கு வரும் ஒரே சாலையை மூடிவிட்டது. மண்ணை வாரிப்போட ஒரு குத்தகைக்காரரின் எக்ஸ்கவேட்டர் வந்து சேர்ந்தது. புத்தம் புதுசு. அதை ஓட்டி வந்தவர் சூசை அண்ணன். உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது என்றார். மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியுமாம். எத்தனை முறை எரிகிறது என்று எண்ணி, புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினால் என்ன கோளாறு என்று போட்டிருக்குமாம். பிறந்ததிலிருந்தே தெரிந்த சங்கதி போல நான் தலையாட்டினேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தோட்டத்தில் சக்கரம் உள்ளது, கூர் உள்ளது எதுவும் பூஜைக்குத் தப்ப முடியாது. கொழுந்து வெட்டும் கத்தரிக்கோலுக்கே சந்தனம் வைக்கும் ஊர், எக்ஸ்கவேட்டரை விட்டுவிடுமா? சூசை அண்ணன் வண்டிக்குள் சிலுவை மாட்டியிருந்தவர்தான். ஆனாலும், "மரியாத செய்றப்போ வேணாம்னு சொல்லலாமாலா?" என்று விலகி நின்றுகொண்டார்.

மாலையை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். மாலையைத் தலையில்தானே போட வேண்டும், இதற்குத் தலை எது? முன்னால் நீண்டிருப்பது கை என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. தலை விஷயத்தில் சண்டையாகி, கடைசியில் படித்தவனைக் கேட்கலாம் என்று என்னிடம் வந்தார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம், எஞ்சின் மூடிக்கு மேலே, காளான் மாதிரி ஒரு குமிழ் எழும்பி நின்றது. அதுதான் தலை என்று தீர்ப்புச் சொல்லி, கியா பார்ம் பூந்தோட்டத்திலிருந்து வந்த கை கனத்துச் செவ்வந்தி மாலையை என் கையாலேயே சுற்றிவிட்டேன். (அது மெஷினின் மூக்கு. எஞ்சின் அதன் வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. புத்தகத்தில் படம் போட்டே விளக்கியிருந்தார்கள். நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.)

மறுநாள் மெஷின் இருமியது, கறுப்புப் புகை கக்கியது, பாதி மண்ணை வாரின நிலையில், கொஞ்சமாகத் திறந்திருந்த வழியையும் அடைத்துக்கொண்டு செத்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. தோட்டத்து மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் காதில் பென்சில் சொருகிக்கொண்டு ஏறினேன். எண்ணினேன். புத்தகத்தைப் பார்த்தேன். காற்று வரும் வழியில் அடைப்பு என்று இருந்தது.

ஃபில்டரைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. மூளை உள்ள எவனும் அடுத்து, காற்று உள்ளே நுழைகிற இடத்தைப் பார்ப்பான். நான் சர்டிபிகேட் வாங்கியவன். ஆகையால் மெஷின் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தேன். இது கடலோர ஊருக்காகச் செய்த கம்ப்யூட்டர், நம்முடைய மலைக்காற்று லேசாக இருப்பதால் குழம்பிப் போயிருக்கிறது என்று துரையிடம் இங்கிலீஷில் விளக்கினேன். அவரும் நம்பினார். அந்தப் பாவத்தில் பாதி அவருக்கும் சேரும்.

அம்மாவின் ஆராய்ச்சி வேறு மாதிரி. "புது மெஷினு, கண்ணு பட்டுருச்சு" என்றாள். ஆகவே இரண்டாவது பூஜை. முதல் மாலைக்கு மேலேயே அதைவிடப் பெரிய மாலை. சாமிக்கென்று போட்ட மாலை வாடுகிற வரை கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கேமரன் குளிரில் செவ்வந்தி எங்கே வாடுகிறது? மூக்கைப் பொத்திக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

நான் வயரை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன், கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றித் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் விளக்கு பொறுமையாக அதே பதிலைச் சொன்னது. அவ்வளவு பொறுமையைப் பிற்காலத்தில் என் மனைவியிடம்தான் பார்த்தேன்.

இதற்குள் ரிங்லெட்டிலிருந்து தகவல் வந்தது. கம்ப்யூட்டர் டாக்டர் இருக்கிற ஊரிலேயே மெஷின் ஓடவில்லையென்றால் என்ன அர்த்தம், ஞாயிறு வந்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு என்று வசந்தியின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தி கிராணி வீட்டுக்கு மருமகளாகப் போவதையும், அந்த வீட்டு ரேடியோவை நான் போய் ரிப்பேர் செய்வதையும் நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

ஞாயிறு வந்தது. எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து குத்தகைக்காரர் வரவழைத்த இஞ்சினியர், மலைவளைவுகளில் வாந்தியெடுத்த முகத்தோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் பெண் வீட்டார் வேன் நின்றது. வழி இல்லாததால் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துச் சேற்றில் நடந்து மெஷினிடம் வந்தார்கள். வசந்தியும் வந்திருந்தாள்.

விளக்கு காட்டும் கோட் என்ன சொல்கிறது என்று இஞ்சினியர் கேட்டார்.

"ஏர் அடைச்சிருக்குன்னு சொல்லுது சார். ஆனா அது பொய் சொல்லுது."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "மெஷின் எதுக்கு தம்பி பொய் சொல்லணும்?"

நான் மலைக்காற்றில் ஆரம்பிப்பதற்குள் மேலே மண்மேட்டில் ஏதோ அசைந்தது. அம்மா வாங்கின ஆடு. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்தது. மேட்டிலிருந்து எஞ்சின் மூடி மேல் ஒரே தாவு. பெரிய மாலையைச் சாவகாசமாகத் தின்றது. அடுத்து அடியிலிருந்த மாலை. அதன் நார் குமிழுக்குள் போயிருந்தது. ஆடு அதைப் பல்லால் கவ்வி இழுக்க, கரி பிடித்து நசுங்கிய செவ்வந்தி கொத்துக் கொத்தாக வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது.

இஞ்சினியர் மேலே ஏறிக் குமிழைக் கழற்றி மிச்சப் பூவையும் வாரிப்போட்டார். எஞ்சினைப் போடச் சொன்னார். சூசை அண்ணன் சாவியைத் திருப்பினார். மெஷின் உறுமியது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

வசந்தியின் அப்பா என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அம்மா கயிற்றோடு மூச்சிரைக்க ஓடி வந்து, அது விருந்துக்கு வெட்ட வேண்டிய ஆடு, யாராவது பிடியுங்கள் என்றாள்.

வசந்தி பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். பிறகு அவள் அப்பாவிடம், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

"அந்த ஆட்ட வெட்ட வேணாம்னு சொல்லுங்கப்பா. நான் போற வீட்டுல வேலை தெரிஞ்சது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

அவர் அதைச் சம்மதம் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது. நிச்சயதார்த்த விருந்தில் எல்லாருக்கும் டின் சார்டின் மீன் குழம்பு.

ஆடு எங்கள் வீட்டிலேயே வயதாகிச் செத்தது. இன்றைக்கும் வாஷிங் மெஷினில் ஏதாவது எழுத்து மின்னினால் நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறேன். அதற்குள் வசந்தி பிள்ளைகளிடம், "அப்பாவ விடுங்க, ஆட்டக் கூப்புடுங்க" என்பாள். சர்டிபிகேட் எங்கே போனதென்று தெரியவில்லை. சாமி படங்களுக்கு மேலே அந்த இடத்தில், கண்ணாடி போட்டு, ஆட்டின் படம் மாட்டியிருக்கிறது. கீழே மாட்டினால் ஈரம் பட்டுவிடுமாம்.