பேர் சொல்லாமல் நகர்த்திய நாற்பத்து மூன்று கடிதங்கள்

தேவனூர்
12.6.2003

அன்பு மருமகன் கோகுல்நாத்துக்கு அத்தை நஞ்சம்மாள் எழுதுவது. முதல் வரியில் நலம் என்று எழுதுவது முறை, அதனால் நலம். நீயும் பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நான்காம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள் கண்ணு. இதைக் கண்டதும் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறு. உன் மாமாவின் கடிதங்களைத் தொலைத்துவிட்டேன்.

மாமா ஆறு மாதம் சேலம் விதைக் கிடங்கில் இருந்தபோது, இங்கே நான் கூட்டிப் பெருக்கும் விதைச் சங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கடிதம் போடுவார் என்று உனக்குத் தெரியும், அதைக் கொண்டுவந்து மாட்டியவனே நீதான். ஆபீசர் ஜாஸ்மின் அம்மா படித்துச் சொல்வார். பெரிதாக ஒன்றும் இருக்காது. எருமையின் கால் தேவலையா என்று ஒரு நாள், சாப்பிட்டாச்சு என்று ஒரு நாள். ஒரு கடிதத்தில் ‘இங்கே கொசு’ என்று மட்டும் இருந்தது, கடித்ததா கடிக்கவில்லையா என்றுகூட இல்லை. மாசி மாதம் மாமா கண்ணை மூடிய பிறகு அந்தக் கொசுக் கடிதத்தை எத்தனை தடவை படிக்கச் சொல்லியிருப்பேனோ, ஜாஸ்மின் அம்மாவும் அன்றைக்குத்தான் வந்தது போலப் படிப்பார்.

போன வாரம், கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டது, வந்த கடிதங்களையெல்லாம் சனிக்கிழமை துடைத்துவிடுவோம் என்று உத்தரவு வந்தது. வேண்டியதை வேறு பெட்டிக்கு மாற்றினால் தப்பிக்குமாம். ஜாஸ்மின் அம்மா உள்ளே ஒரு பெட்டி உண்டாக்கி, அதற்கு மாமாவின் பேரையே வைத்துவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவில் கிளம்பினார். போகும்போது ஒரு அட்டையில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தார். முதலில் எம், அப்புறம் வி, ஒரு இடம் விட்டுக் கடிதத்தின் நம்பர், இன்னொரு இடம் விட்டுப் பெட்டியின் பேர், கடைசியில் பெரிய பொத்தான். ஒரே அடியாகத் தள்ளவும் வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றாகச் செய்தால்தான் தப்பு வராது என்று என் நன்மைக்காகவே சொன்னார்.

எம் போட்டேன், வி போட்டேன், ஒன்று போட்டேன். பேர் வந்ததும் விரல் நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை கண்ணு. ரேஷன் கார்டுக்குக்கூட நாத்தனார்தான் வந்து சொன்னாள். செத்தவர் பேரை மட்டும் எப்படி அடிப்பது? டிரைவர் சின்னராசுவைக் கூப்பிட்டு, ‘அவர்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். எந்த அவருங்கக்கா என்றான். எனக்கு வேறெந்த அவரடா இருக்காரு என்றேன். மறுபேச்சில்லாமல் என் உள்ளங்கையில் எழுதிவிட்டான். அவனுக்கே புரிந்தது கம்ப்யூட்டருக்குப் புரியாதா என்று அந்தப் பேரிலேயே அடித்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லியிருக்கிறாயே, வேலை சரியாக நடந்தால் வாய் திறக்காது, தப்பென்றால்தான் கத்தும் என்று. மாமாவோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது புதுசா? பேசாமல் இருந்தால் சம்மதம்தான். ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை, மதியச் சோற்றைக்கூட மறந்து, ஒவ்வொன்றாகக் கொண்டு சேர்த்தேன், அதாவது சேர்த்தேன் என்று நினைத்தேன்.

நேற்று ஜாஸ்மின் அம்மா கல்யாண லட்டோடு வந்து பெட்டியைத் திறந்தார். காலி. அட்டையைப் பார்த்தார், என் உள்ளங்கையில் மிச்சமிருந்த எழுத்தைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் என்று ஒரு பெட்டியே கிடையாதாம். பெட்டி இல்லாததால் அந்த வீணாய்ப்போன கம்ப்யூட்டர் முதல் கடிதத்துக்கே அவர் என்று பேர் வைத்துவிட்டதாம். இரண்டாவதுக்கும் அதே பேரை வைக்கையில் முதலாவது அழிந்துவிட்டதாம். இப்படியே ஒன்றை ஒன்று அழித்துக் கடைசியில் ஒன்றே ஒன்று நிற்கிறது.

“படிங்கம்மா” என்றேன்.

“ஞாயித்துக்கெழம வாரேன்னு இருக்குங்கம்மா, அவ்வளவுதான்.”

நான் அழவில்லை, அவர்தான் அழுதார், டீ போட்டுக் கொடுத்துத் தேற்றும்படி ஆயிற்று. சின்னராசு நேற்றிலிருந்து என் கண்ணில் படாமல் ஜீப்புக்கு அடியிலேயே படுத்திருக்கிறான். துணியில் போன அழுக்கு தண்ணீரிலாவது இருக்கும் அல்லவா, அது போல அழிந்த கடிதமும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டு இருக்கும். நீ படித்த படிப்பெல்லாம் அதைக் கிளறி எடுக்கத்தானே? எல்லாம் வராவிட்டாலும் அந்தக் கொசுவையாவது எடுத்துக் கொடு கண்ணு. துடைக்க வருகிறவர்களிடம் நான் ஆபீஸ் சாவியைக் கொடுப்பதாக இல்லை.

உன் அம்மாவுக்கு மிளகு ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன். நூறு வயது இருந்து, நல்ல இடத்தில் பெண் எடுத்து, கேட்டால் பதில் சொல்லும் புருஷனாக நீ வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை நஞ்சம்மாள்

பின்குறிப்பு: லீவு போடாதே, சாவியையும் கொடுத்துவிட்டேன். கடிதத்தை ஒட்டும் முன்பே சேலத்திலிருந்து போன் வந்தது. அனுப்பிய கடிதத்துக்கு அங்கே ஒரு நகல் தங்குமாம், ஜாஸ்மின் அம்மா எழுதிக் கேட்டிருக்கிறார். போன் வந்த நேரம் அவர் வயலுக்குப் போயிருந்தார், நான்தான் எடுத்தேன். யாருடைய கடிதம் என்றார் அந்த ஆள். எங்க ஊட்டுக்காரருதுங்க என்றேன். அப்படி யாரும் இல்லீங்களே, பேரைச் சொல்லுங்க, இல்லாட்டித் தேட முடியாது என்றார். சின்னராசுவைத் தேடினேன், ஜீப்புக்கு அடியிலும் இல்லை. அந்த ஆள் வைக்கப் போகிறேன் என்றார். சாமியப்பன் என்றேன். கேட்கவில்லையாம். இன்னொரு தடவை சொன்னேன், லைனில் இரைச்சல். மூன்றாவது தடவை ஊருக்கே கேட்கும்படி, “சாமியப்பன்” என்று கத்தினேன். நாற்பத்து மூன்றும் இருக்கிறது, சாயந்தரம் அனுப்புகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நான் சரியாகக் கேட்கவில்லை. கூப்பிட்டுவிட்டேன் அல்லவா, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.