ஒரு செபத்துக்குள் நிற்கும் கார்

அன்புள்ள மருமகன் இமானுவேலுக்கு,

அனுமந்தன்பட்டியிலிருந்து மாமனார் அமிர்தராஜ் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். இங்கே நான் நலம், உங்கள் அத்தை ஆரோக்கியம்மாள் நலம், காரும் நலம். சென்னையில் நீங்களும் ரோஸ்லினும் பேத்தி ஜெசிந்தாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் நான் கார் என்று வாயெடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு சிக்னல் போகாது. கடைசிவரை படிக்கவும்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது தேனி பஸ் ஸ்டாண்டில் நான் காரோடு நின்றால், அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று என் மகள் சொல்கிறாள். சொன்ன வாய் அவளுடையது, சொல்லிக்கொடுத்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். காருக்கு பிரேக் இல்லையாம். ஐயா, இல்லாமல் என்ன? இருக்கிறது. முதல் மிதிக்கு வராது, அவ்வளவுதான். அறுபது வயது தாண்டிய கார். நான் மட்டும் கூப்பிட்ட உடனே எழுந்துவிடுகிறேனா? நாலு தடவை மிதித்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஒரு விசிலில் பள்ளிக்கூடத்தையே நிறுத்தினவனுக்கு ஒரு காரை நிறுத்தத் தெரியாதா?

அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். நான் மிதிக்க ஆரம்பிக்கும்போது உங்கள் அத்தை ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்குவாள், அவள் ‘ஆமென்’ சொல்வதற்குள் வண்டி நின்றுவிடும். வேகத்தடைக்கு ஒரு செபம், நாற்சந்திக்கு இரண்டு. உத்தமபாளையம் போய்த் திரும்பினால் ஜெபமாலையே முடிந்துவிடும். எந்தப் புதுக் காரில் இந்த வசதி இருக்கிறது? போன மாதம்வரை இது பிசகியதே இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சளி. உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் பாதிச் செபத்தில் இருமல் வந்து, விட்ட இடம் மறந்து, முதலிலிருந்து தொடங்கிவிட்டாள். பழக்கதோஷம், நானும் காலை எடுத்துவிட்டு முதலிலிருந்து மிதித்தேன். வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விசில் ஊதினேன். ஊரில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள் அல்லவா, விசில் கேட்டதும் ஒதுங்காமல் அங்கங்கே விறைத்து நின்றுவிட்டார்கள். நிற்காதது கார் மட்டும்தான். கடைசியில் மலையம்மாளின் திராட்சைத் தள்ளுவண்டியில் முட்டித்தான் நின்றது. “யோவ் வாத்தியாரே, பழத்த நசுக்குனது பத்தாதா, ஆளையும் நசுக்கணுமா?” என்று அவள் கத்தினாள். பழம் நசுங்கியதற்கு நான் வருந்தினேன், அவள் பேச்சுக்கு வருந்தவில்லை.

சரி, ஏதோ கண்ணேறு என்று வண்டியை மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோனால், பங்குச் சாமி படியை விட்டு இறங்கவே இல்ல. “மாஸ்டர், முதல்ல ரபீக் பட்டறையில மந்திரிச்சிட்டு வாங்க, தீர்த்தம் நான் அப்புறம் தெளிக்கிறேன்”னு சொல்றாரு. ஒரு குருவானவர் பேசுற பேச்சா இது? அவர் சொல்லைத் தட்டக்கூடாதேன்னு ரபீக்கிட்டப் போனேன். அவன் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே கேக்குறான்: “உள்ள ரப்பரு பூரா ஊதிப்போய் ஆயிலு ஒழுகுது மாஸ்டர். இதுல என்னத்த ஊத்துனீக?” நான் எதையும் மறைக்கிற ஆள் இல்ல. பிரேக் ஆயில் தீர்ந்த அன்னைக்குக் கடை பூட்டியிருந்துச்சு, வீட்டுல இருந்த விளக்கெண்ணெயை ஊத்தினேன். மனுஷன் வயித்துக்கே நல்லதுன்னு சொல்றாக, வண்டிக்கு ஆகாதா? அதுக்கு அவன், “வெளக்கெண்ணெ ஓட வைக்கும் மாஸ்டர், நிறுத்தவா செய்யும்?”னான். பட்டறையே சிரிச்சது. வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். அவன்தான் உங்களுக்கு போன் போட்டு வத்தி வச்சான்னும் எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை, ரோஸ்லின் மாலையும் கழுத்துமாகக் கோயிலுக்கு வந்து இறங்கியது இந்தக் காரில்தான். பேத்தி இதுவரை ஒரு தடவைகூட ஏறவில்லை. அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வழி நெடுக நெல் வயலையும் திராட்சைப் பந்தலையும் காட்டிக்கொண்டு வர ஆசைப்படுவது ஒரு குற்றமா? எனக்கு மனசு வலிக்கிறது. ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: தேனிக்கு நான் காரோடுதான் வருவேன். இதில் மாற்றமில்லை.

குழந்தைக்கு எங்கள் முத்தங்கள். உங்கள் மூவருக்கும் என் நெற்றிச் சிலுவையும், உங்கள் அத்தையின் மீதமிருக்கும் செபங்களும்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
அமிர்தராஜ்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து, ரபீக் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம்மூர்த் தபால் பெட்டியில் போடத்தான் காரில் கிளம்பினேன். உங்கள் அத்தை ஏற மாட்டேன் என்றதால் செபத்தையும் நானே சொன்னேன். பெட்டி வந்தது, போனது. உத்தமபாளையம்வரை வந்து, இந்தப் பட்டறை வாசல் மணல் குவியலில் ஏறித்தான் வண்டி நின்றது. அதனால் உறையில் உத்தமபாளையம் முத்திரை இருக்கும். வழியில் ஒரு சின்னப் பிள்ளை ரோட்டில் காலெடுத்து வைத்தாள். நம்ம ஜெசிந்தா உயரம்தான் இருப்பாள். அவள் அம்மா சட்டென்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது, வாயில் செபம் வரவில்லை. பிரேக்கை அடியோடு மாற்றச் சொல்லி சாவியை ரபீக் கையில் கொடுத்துவிட்டேன். அவன் சரியென்று சொல்லும்வரை தொட மாட்டேன். தேனிக்கு பஸ்ஸில்தான் வருவேன். மேலே எழுதியிருப்பதை ரோஸ்லினுக்குப் படித்துக் காட்டவேண்டாம், கிளம்பி வரச் சொல்லுங்கள். கூட்டத்தில் என்னைத் தெரியவில்லை என்றால் விசில் ஊதுவேன், அங்கனயே நில்லுங்க.