மூன்று வான்கோழிகளின் விடுதலை விழா

சாவை நம்பி வியாபாரம் தொடங்கியவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம்.

எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் எட்டுக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வேண்டும் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தன. எப்படியும் மூன்று செத்துப்போகும் என்று பதினொரு குஞ்சுகள் வாங்கினேன். (பௌத்தக் குடும்பம். தினமும் உயிரைக் கொல்லமாட்டேன் என்று பஞ்சசீலம் சொல்கிற வாய். வெட்டப்போவது நான் இல்லையே என்று மனசுக்கு ஒரு சமாதானம் வேறு.) பாழாய்ப்போன குஞ்சுகள், ஒன்றுகூடச் சாகவில்லை. எட்டு போனது போக மூன்று சேவல்கள் மிச்சம்.

பண்டிகை முடிந்துவிட்டால் வான்கோழியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எட்டில் ஒன்றை வாங்கிய பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் போய்க் கெஞ்சினேன்.

"ஜனவரியில எவ வான்கோழி துன்னுவா? எங்க ஊட்ல மூணு நாளா வெறுங்கஞ்சி. சும்மா குடுத்தாலும் வாணாம்" என்று கதவைச் சாத்தினாள்.

கறிக்கடையில் தள்ளிவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் அப்பா பெயர் வைத்துவிட்டார். ஃபஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தூசியெல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து இருமுவார். சுரங்கத்துக் கூண்டில் எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரும் ஏறினால்தான் ஷிப்ட் முடிந்ததாக அர்த்தம். அந்தப் பழக்கம் விடாமல், காலையில் வான்கோழிகளைத் திறந்துவிடும்போது மூன்று எண்ணுவார், மாலையில் அடைக்கும்போதும் மூன்று எண்ணுவார். எண்ணியதை வெட்டக் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

வான்கோழிச் சேவலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எந்தச் சத்தம் கேட்டாலும் கடகடவென்று பதில் சொல்லும். விடியற்காலை ரயில் ஊதினால் பதில், குக்கர் விசில் அடித்தால் பதில், அப்பா இருமினால் மூன்றும் சேர்ந்து பதில். தெருவே என்னைச் சபித்தது. அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம்.

"நான் இருமனா யாரு கேக்கறாங்க? இதுங்களாவது இன்னான்னு கேக்குது" என்பார். (மாத்திரையும் வெந்நீரும் கையில் கொண்டுவந்து கொடுத்தவள் யாராம்?)

இப்படி இருக்கையில் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, ஹாஸ்டல் அறையோடு. இருட்டில் எழுந்து, பெங்களூர் வேலைக்கு ரயிலில் நின்றுகொண்டே தூங்கிப் போகிற ஊர் எங்களுடையது. ஹாஸ்டல் அறை என்றால் சொர்க்கம். ஸ்டெல்லா அக்கா நல்லவள், "அப்பாவுக்கு சோறு நான் குடுத்துக்கறேன், நீ போ. ஆனா அந்த மூணு பிசாசுங்க என்னால ஆவாது" என்றாள். ஆக, என் சொர்க்க வாசலை மூன்று வான்கோழிகள் அடைத்துக்கொண்டு நின்றன.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். புத்த பூர்ணிமா அன்று எங்கள் விகாரையில் கூண்டுப் புறா இரண்டைப் பறக்கவிடுவார்கள். இந்த வருடம் நான் மூன்று பறவைகள் தருகிறேன் என்று பெயர் கொடுத்தேன். விடுதலை என்றால் எந்த பௌத்தரும் வேண்டாம் என்று சொல்ல முடியாதே. அப்பாவும் சொல்லவில்லை. சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றும்போது, "மூணு பேரு எறங்கறாங்க, பாத்துக்கோ" என்றார், அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே, பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஒரு முள்காடு. நாற்பது பேர் வெள்ளை உடுத்திக் கூடியிருந்தார்கள். பிக்கு "புத்தம் சரணம் கச்சாமி" என்றார். நாங்கள் திருப்பிச் சொன்னோம். எங்களைவிடச் சத்தமாக சாக்குகளும் சொல்லின. மூன்றாவது சரணத்தில் பிக்குவே அவை முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

சாக்குகளை அவிழ்த்தேன். மூன்றும் இறங்கின, இறகை உதறின, நேராக வந்து என் காலடியில் நின்றன. தீனி போட்டவள் நான்தானே. "போங்க" என்றேன். போகவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் போய் நில்லும்மா" என்றார் பிக்கு.

தள்ளிப் போனேன். அவையும் வந்தன. ஓடினேன். அவையும் ஓடிவந்தன. விடுதலை கொடுத்தவளை விடுதலை பெற்றவை துரத்த, வெள்ளைப் புடவை முள்ளில் கிழிய, நாற்பது பேரும் கைகூப்பியபடியே வேடிக்கை பார்த்தார்கள். பூமி பிளந்து விழுங்காதா என்று நினைத்தேன். (எங்கள் ஊர் பூமி ஏற்கெனவே பிளந்ததுதான். வேண்டும்போது உதவாது.)

அந்த நேரம் பார்த்து நான்கு நாய்கள் வந்தன. என் செருப்புகளை வீசினேன், பூத்தட்டை வீசினேன், பிக்கு முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைகளையும் வீசினேன். இரண்டு வான்கோழிகள் பிக்குவின் காவித் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. நைட் ஷிப்டைக் காணவில்லை.

மற்ற இரண்டோடு வீடு திரும்பினேன். அப்பா எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மூணு பேரு எறங்கனாங்க. ரெண்டு பேருதான் ஏறிகீறாங்க."

"அது சுதந்திரமா போயிடுச்சுப்பா."

"சுதந்திரமா? கிண்ணத்துல தீனி துன்ன ஜீவன் அது. நாய்னா இன்னான்னு அதுக்குத் தெரியுமா? கொண்டாந்து உட்டது நீ."

வெட்டியிருந்தால்கூட ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், நான் செய்தது அதைவிடக் கேவலம் என்று அப்போதுதான் உறைத்தது. தெருவில் நின்றுகொண்டே அழுதேன். அப்பா அதே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

முள்காட்டில் அவரால் பத்தடி நடக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்து இருமினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி இருமினார். தூரத்தில், மூடிப்போன சுரங்க ஷாஃப்டைச் சுற்றிய மதில்மேலிருந்து கடகடவென்று பதில் வந்தது.

மதில்மேல் ஏறி இறக்கியது நான். இறங்கும்வரை என் தோளில் எச்சமிட்டது நைட் ஷிப்ட். அப்பா அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஹாஸ்டல் அறை அன்றோடு போயிற்று. வான்கோழிகள் இன்றும் இருக்கின்றன, என்னைவிட ஆரோக்கியமாக. அவற்றுக்குத் தீனி வைத்துவிட்டு, தினமும் விடியுமுன் ரயிலேறி, நின்றுகொண்டே பெங்களூர் போகிறேன். எதிரில் பார்த்தால் ஸ்டெல்லா அக்கா இன்னமும் கேட்கிறாள், "இன்னா கௌதமி, எப்போ விடுதலை?"

திரும்பி வரும்போது வாசலில் அப்பா மட்டும் உட்கார்ந்திருப்பார். கூட்டைத் திறந்தே வைத்திருப்பார். "மூணு" என்பார். நான் செருப்பைக் கழற்றி வீட்டுக்குள் கால் வைத்த பிறகு "நாலு" என்பார். அதற்குப் பிறகுதான் கூட்டையும் கதவையும் சாத்துவார்.