கருப்பு ஷீட்டில் அடித்த சாம்பார் வாசம்

இராஜபாளையம்,
ஐப்பசிக் கடைசி, 1991.

அன்பு மைத்துனன் ஹவில்தார் பொன்னுராஜுக்கு, அத்தான் வைகுண்டராஜ் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அக்காள் பரிபூரணமும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். மெஷினுக்குத்தான் சுகமில்லை. அந்த விவரம் கீழே வருகிறது. ஜபல்பூரில் இப்போது குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு தூங்கு.

உன் கடிதம் கிடைத்தது. மார்ச் மாதம் பட்டாளத்தை விட்டு வந்து என்னோடு பிளாஸ்டிக் ஷீட் தொழிலில் கூட்டாகச் சேரப் போவதாகவும், "தொழில் என்றால் எங்கள் அத்தான் தொழில்தான்" என்று கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். வாசித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து வராதே. இன்னும் கொஞ்ச காலம் சேவையை நீட்டித்துத் தருவார்கள் என்றால் உடனே கையெழுத்துப் போட்டுவிடு. ஏன் அத்தான் இப்படி எழுதுகிறார் என்று நீ தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காக, ஆவணியிலிருந்து நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நம் தொழில் உனக்குத் தெரிந்ததுதான். ஊரார் கழித்துப் போட்ட பால் கவர், உர மூட்டையின் உள்பை, மில்லில் நூலைச் சுற்றி வருகிற பாலிதீன் எல்லாவற்றையும் வாங்கி, கழுவி, காயவைத்து, அரைத்து, உருக்கிக் கொடுத்தால் மெஷின் அதை உயரமான பலூனாக மேலே ஊதும். அதை நசுக்கிச் சுருட்டி ஓரத்தை வெட்டினால் ஷீட். சூளைக்காரர், வைக்கோல் படப்புக்காரர், பந்தல்காரர் என்று வானத்தைப் பார்த்துப் பயப்படுகிற எல்லோரும் நம் வாடிக்கைதான். எந்த நிறக் கவர் உள்ளே போனாலும் கரி கலந்துவிட்டால் கருப்பாகத்தான் வெளியே வரும். அது முன்பு என்னவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நிறத்தை மறைக்கக் கரி இருக்கிறது, வாசத்தை மறைக்க ஒன்றும் இல்லை என்பதை ஆவணியில்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய பிளாஸ்டிக் சேர்த்துக் கொண்டுவருகிற இருளப்பசாமி ஒரு வண்டி நிறையக் கவர் கொண்டுவந்து இறக்கினான். பக்கத்தில் போனதும் மூக்கில் ஏறியது. "என்னலே இருளப்பா, என்னமோ வாசம் அடிக்கே?" என்றேன். "பெருங்காயப் பொட்டலக் கவரு முதலாளி. ரெண்டு தண்ணி அலசுனா ஓடிப்போயிரும்" என்றான். நம்மிடம் கழுவுகிற வேலை பார்க்கும் சுடலைமாடத்தியும் நாச்சியாரும் கை ஓய்கிற வரைக்கும் அலசினார்கள். உன் அக்காள் ஒரு கவரை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இது போகாதுங்க. தனியா வைங்க" என்றாள். நெருப்பில் உருகிய பிறகு என்ன வாசம் மிஞ்சும் என்று நான் எல்லாவற்றையும் கலந்து ஓட்டிவிட்டேன். ஷீட் வந்தது. ஆறிய பிறகு மோந்து பார்த்தோம், ஒரு வாசமும் இல்லை. உன் அக்காளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஷீட்டைத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பந்தல்காரர் சோலைச்சாமி எடுத்துக்கொண்டு போனார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற சேதுபதியின் மகள் கல்யாணம். சாரல் விழுந்தால் பெண் மாப்பிள்ளை நனையக் கூடாது என்று பந்தல் முழுக்கக் கருப்பு ஷீட் போர்த்தியிருந்தார்கள். எனக்கும் அழைப்பு இருந்ததால் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். காலையில் சாரல் இல்லை, வெயில் வந்தது. வெயில் ஏற ஏற மேலேயிருந்து வாசம் இறங்க ஆரம்பித்தது. குளிர்ந்த ஷீட் வாயை மூடிக்கொண்டு இருக்கும், சூடானால் பேசும் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த பெரியவர், "சாம்பாருக்குத் தாளிக்கான் போலுக்கே" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து அவர் வரிசை எழுந்தது. அந்த வரிசை எழுந்ததைப் பார்த்து, பந்தி போட்டுவிட்டார்கள் என்று மற்றவர்களும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இடம் பிடித்தார்கள். சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை சங்கையா கரண்டியோடு வெளியே ஓடிவந்து, "ஏய்யா, நான் இன்னும் பருப்பே வேகப்போடலய்யா! யாருய்யா ஒங்கள உக்காரச் சொன்னது?" என்று கத்தினார். எழுந்தால் இடம் போய்விடும் என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது மணமேடைக்கு முன்னால் இருந்தது இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களில் வயசானவர்கள், போட்டோக்காரர், நான். தவில்காரர்கூட அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார்.

சாப்பாடு முடிந்ததும் சேதுபதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மீசை இன்னும் வேலையில் இருப்பது போலவே இருந்தது.

"வைகுண்டராஜ், இங்க வாரும். எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுறப்ப அட்சதை போட ஆளில்ல. நீரு பந்தலுக்கு ஷீட்டு குடுத்தீரா, சாம்பார் குடுத்தீரா?"

"அய்யா, மழைக்கு ஒரு சொட்டு ஒழுகலயே" என்றேன்.

"மழையே பெய்யலயேய்யா!" என்றார்.

செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டே வெளியே வந்துவிட்டேன்.

சோலைச்சாமி ஷீட்டையெல்லாம் அவிழ்த்துச் செண்பகத்தோப்புப் பக்கம் இருக்கிற தன் மாந்தோப்புக்குக் கொண்டுபோய், காற்றில் ஆறினால் வாசம் போய்விடும் என்று மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டார். ஆவணிக் காற்று மலையிலிருந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஷீட் பிய்த்துக்கொண்டு பறந்து காட்டோரம் நின்ற புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. பொழுது சாய்கிற நேரத்தில் தோப்புக் காவலுக்கு இருக்கிற கருத்தம்மா அண்ணாந்து பார்த்திருக்கிறாள். கருப்பாகப் பெரிதாக ஒன்று, காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. "ஏ, ஓடியாங்க! யானை மரத்துல ஏறிட்டு!" என்று கூப்பாடு போட்டிருக்கிறாள். யானை எப்படி மரத்தில் ஏறும் என்று வந்த கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தகரம் தட்டினார்கள், வெடி போட்டார்கள். காற்று பலமாக அடித்தபோது அது தும்பிக்கையைத் தூக்கியதாகவும் ஒருவர் சொல்லியிருக்கிறார். கடைசியில் வனக்காவலர் வந்து டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. மறுநாள் எனக்கு ஆள் வந்தது. போனேன். உன் அக்காளும் கூட வந்தாள்.

"இது ஒங்க ஷீட்டுதான?" என்றார் வனக்காவலர்.

"எப்படிச் சொல்லுதீக? பேரா எழுதியிருக்கு?"

"பேரு எதுக்குங்க? பக்கத்துல போனா பசிக்குதே."

ஒரு கிளை ஒடியாமல் நானே ஏறி இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்த வயதில் புளியமரத்தில் ஏறினேன். எதிர்க் கிளையில் ஒரு சாம்பல் அணில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. ஒரு முனையை அவிழ்த்தேனோ இல்லையோ, காற்று வந்து ஷீட் முழுவதும் என்மேல் சுற்றிக்கொண்டது. கண் தெரியவில்லை, மூச்சு விட்டால் பெருங்காயம். கீழேயிருந்து உன் அக்காள் குரல் கேட்டது: "ஏங்க, அந்த முடிச்சை அவுத்தாப் போதும். எதுக்கு ஒங்களையே சேத்துக் கட்டிக்கிடுதீக?" பிறகு அவளே ஒரு தொரட்டிக் கம்பு வாங்கி இழுத்தாள். ஷீட் இறங்கிவிட்டது. நான் இறங்கத்தான் செத்த நேரம் ஆயிற்று.

அதோடு முடிந்தது என்று நினைக்காதே. சோலைச்சாமி அம்புட்டு ஷீட்டையும் கொண்டுவந்து நம் ஷெட்டில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். பஜாரில் நான் நடந்தால், "அண்ணாச்சி, ரசம் வாசத்துல ஒண்ணு இருக்கா?" என்று கேட்கிறார்கள். நல்ல கவரில் ஓட்டிய புதுச் சரக்கையும் யாரும் தொடவில்லை. முதலில் வெயிலில் வைத்து மோந்து பார்க்கிறார்கள். இப்படியே புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் தண்ணீர் வந்து மோட்டார் முங்கிவிட்டது. நான் மோட்டாரைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உன் அக்காள் எதிர்ப்பக்கத்தில் அடுக்கியிருந்த ஷீட் சுருள்களை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறாள். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் கூரையெல்லாம் ஒழுகுகிறதாம். சுடலைமாடத்தி வீட்டில் ஒரு பக்கச் சுவரே விழுந்துவிட்டதாம், அவள் மகள் வேறு பிள்ளை பெற்று வந்திருக்கிறாளாம்.

"எல்லாத்தையுமா குடுக்கப் போற?" என்றேன்.

"அடுக்கி வச்சு என்ன செய்யப் போறீக? இங்க கெடந்தா நாத்தம். அங்க போனா கூரை. மோட்டார விட்டுட்டு இந்த முனையப் பிடிங்க."

பிடித்தேன். நானும் அவளும் நாச்சியாருமாக மழையில் கூரை கூரையாக ஏறிக் கட்டினோம். புளியமரத்தில் ஏறிய பழக்கம் கைகொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மழை விட்டு வெயில் வந்ததும் அந்தத் தெரு முழுக்கச் சாம்பார் வாசம். சுடலைமாடத்தி வந்து, "முதலாளி, கொழம்பே வைக்க வேண்டாம் போலுக்கு. வெறுஞ்சோறு தானா எறங்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் பேத்தி உள்ளே காய்ந்த துணியில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? சரக்கெல்லாம் கூரைமேல். மோட்டார் ஈரத்தில். பேர் பஜாரில். ஆகவே மெஷினை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கோவில்பட்டியில் ரத்தினம் என்று ஒருவர், நேர்மையான மனிதர், ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உன் அக்காளிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். ஈரம் காய மோட்டாரைச் சாக்கால் மூடி உள்ளே பெரிய பல்பு ஒன்றை எரியவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விற்கப் போகிற மெஷினுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டால், "ஓடாததை விக்கிறது பாவம்" என்கிறாள். நான் இங்கே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கு எழுதக் கேட்டிருக்கிறேன். அங்கே துணி மட்டும்தான், அது வெள்ளை, அதற்கு வாசம் கிடையாது.

ஆகையால் மாப்பிள்ளை, நீ இந்தத் தொழிலை மறந்துவிடு. ஓய்வு பெற்று வந்தால் பாங்கில் காவல் வேலை பார். துப்பாக்கி கையில் இருந்தால் யாரும் ரசம் வாசம் கேட்க மாட்டார்கள். உன் கூட்டாளிகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, தொழில் விஷயமாக நீ சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள். நீ நிற்கிற இடத்திலும் நடக்கிற வழியிலும் கர்த்தர் உனக்குக் கூரையாக இருப்பாராக.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
வைகுண்டராஜ்

பி.கு.: தபால்பெட்டிக்குக் கிளம்பும்போது ரத்தினம் வந்துவிட்டார், அதனால் கவரை ஒட்டவில்லை. மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடாது என்று நினைத்துக்கொண்டுதான் சுவிட்சைப் போட்டேன். சத்தமில்லாமல் சுழன்றது. உன் அக்காள் நல்ல கவராகப் பொறுக்கி அரைத்து வைத்திருந்த சரக்கைப் போட்டாள். பலூன் மெதுவாக ஏறி, ஒரு சுருக்கம் இல்லாமல், கூரை வரைக்கும் போய் நின்றது. இம்புட்டு நாளில் அப்படி ஒரு பலூன் நான் பார்த்ததில்லை. ரத்தினம் சந்தோஷமாக, "அப்ப முடிச்சுக்கிடுவோமா அண்ணாச்சி?" என்று கையை நீட்டினார். "இது விக்கிறதுக்கு இல்லீங்க" என்று யாரோ சொன்னார்கள். உன் அக்காள்தான் சொல்லிவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தினம் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். சேவையை நீட்டிக்கக் கையெழுத்து ஏதும் போட்டிருந்தால் அழித்துவிட்டு மார்ச்சில் வந்து சேர். மேலே உள்ளதை யாரிடமும் வாசித்துக் காட்டாதே.