கெண்டைக்காலில் ஒரு சிவப்பு வட்டம்

இதை எழுதவேண்டும் என்று பேனையை எடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எழும்பிப் போன வருடங்கள் பல. எழுதுகிற அளவுக்குப் படிப்பில்லை என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்தது வெட்கம். நான் நாள் தவறாமல் விளக்கு வைத்துத் தேவாரம் பாடுகிறவன். ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதை என் இடது கெண்டைக்காலால் போன கதை இது.

முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்கிறேன். வீட்டில் மாடும் உண்டு. ஒரு வைகாசியில் பசுவுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு உண்ணி பசுவை விட்டு என் காலில் குடியேறியது. பிடுங்கி எறிந்தேன். வேறு வருடம் என்றால் அதோடு மறந்திருப்பேன். அந்த வருடம் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. முந்திய வருடம் என் மனைவி தவமணிக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேசன் நடந்தது. வெளியே நின்று, “தாயே, இவளை எழுப்பி நடக்க வை, வற்றாப்பளைக் கோயிலுக்குக் காவடி எடுத்து வாறன்” என்று கேட்டிருந்தேன். அம்மன் தன் பக்கத்தை முடித்துவிட்டாள். கோயிலின் வைகாசிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. இனி என் பக்கம். (நேர்த்திக்கடன் எதற்கு என்று தவமணிக்கு நான் சொல்லவில்லை. நல்ல விளைச்சலுக்கு என்று நினைத்திருந்தாள்.)

கடித்த இடத்தில் தவமணி காலையும் மாலையும் அரைத்த மஞ்சள் பூசினாள். கால் கலியாணப் பெண்ணின் கால் மாதிரி ஆனது. எனக்கோ மஞ்சளில் முழு நம்பிக்கை வரவில்லை. விஷக்கடி என்றால் எங்கள் ஆட்கள் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் கட்டுவார்கள்; விஷம் கோட்டைத் தாண்டாது. ஆனால் சுண்ணாம்பு தோலை எரிக்கும் என்பாள் தவமணி. ஆகவே வயலுக்குப் போகும் வழியில் வெற்றிலைப் பையைத் திறந்து, கடியைச் சுற்றி இரகசியமாக ஒரு வட்டம் போட்டு, பஞ்சாட்சரமும் சொல்லிவிடுவேன். அடுத்த நாள் அந்த இடம் எரிந்தது. கொஞ்சம் தள்ளிப் பெரிதாகப் போட்டேன். அதற்கடுத்த நாள் இன்னும் பெரிதாக.

சில நாளில் காலில் இரத்தச் சிவப்பாக ஒரு வட்டம். நடுவில் கடித்த புள்ளி.

தவமணி படமெடுத்துக் கனடாவில் இருக்கும் தன் தம்பி ரூபனுக்கு அனுப்பினாள். அவன் அங்கே லொறி ஓடுகிறவன். ஆனால் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், வருத்தம் வந்தாலும் கடைசித் தீர்ப்பு அவனுடையது. உடனே வீடியோவில் வந்தான்.

“அத்தான், காலை வெளிச்சத்துக்குக் காட்டுங்கோ. அக்கா, போனை ஆட்டாதை.”

காட்டினேன்.

“இது லைம் நோய். உண்ணி கடிச்சு வாறது. இஞ்ச காட்டுப் பக்கம் போர்டே போட்டிருப்பாங்கள். வட்டம் பெரிசாகுதோ?”

“ஓம் தம்பி, நாளுக்கு நாள்.”

“அதேதான். விட்டா மூட்டுப் பிடிக்கும், முகம் கோணும், நெஞ்சிடிப்புக் குழம்பும். நடக்கவே ஏலாமப் போகும் அத்தான். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. காலைக் கழுவாதேங்கோ, டொக்டர் அப்பிடியே பாக்கவேணும்.”

நடக்க ஏலாது என்றால் காவடி எப்படி? அன்று பின்னேரமே முழங்கால் நோகத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. (கலியாணம் கட்டின நாளிலிருந்தே அப்படித்தான் என்றாள் தவமணி. எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன்.)

அடுத்த நாள் வவுனியா பஸ்ஸில், கழுவாத காலை நடைபாதையில் நீட்டியபடி இருந்தேன்.

“கால் முறிஞ்சதோ?” என்று பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கேட்டார்.

“இல்லை, கனடா வருத்தம்,” என்றாள் தவமணி.

அந்த அம்மா எழும்பிப் பின்சீற்றுக்குப் போய்விட்டார்.

டொக்டர் இளவயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார்.

“மூட்டு நோகுதோ ஐயா?”

“ஓம்.” (வயல் செய்கிற எவனுக்கு நோகாது?)

“காய்ச்சல்?”

“இன்னும் இல்லை.”

“ஞாபக மறதி?”

நான் வாய் திறக்குமுன் தவமணி, “ஓம் டொக்டர், கடைக்கு விட்டா பாதிச் சாமானோடதான் வருவார்,” என்றாள்.

“வெளிநாடு எங்கையும் போனனீங்களோ?”

“மச்சான் கனடாவில இருக்கிறார்.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “அவர் அங்க இருக்கிறதால உங்களுக்கு வராது ஐயா. லைம் அந்தப் பக்கத்து உண்ணியால வாறது. இஞ்ச நாங்கள் பாக்கிறது வேற உண்ணிக் காய்ச்சல். ஆனா இந்த வட்டம்தான்…”

இன்னொரு டொக்டரையும் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். நெஞ்சில் வயர் பூட்டி இதயத் துடிப்புப் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். “வார்ட்டில ஒரு கிழமை மறிச்சு வைச்சுப் பாப்பம்,” என்றார் டொக்டர்.

வாற திங்கள் பொங்கல்.

“டொக்டர், காவடி இருக்கு. இவ பிழைச்சதுக்கு வைச்ச நேர்த்தி. அதை முடிச்சிட்டு வாறன், பிறகு காலை வெட்டினாலும் பரவாயில்லை.”

தவமணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குக் கனடா வருத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

“முதல்ல வட்டத்தின்ர ஓரத்தைப் பேனையால அடையாளம் வைப்பம். துடைச்சு விடுங்கோ மிஸி,” என்றார் டொக்டர். நேர்ஸ் மிஸி ஸ்பிரிற் பஞ்சால் துடைத்தார். பஞ்சு சிவந்தது. என் காலில் வட்டம் இல்லை. சூடு பட்டது போல ஒரு மெல்லிய தடம் மட்டும் இருந்தது.

தவமணிதான் முதலில் பேசினாள். “மஞ்சள்தானே பூசினனான், ஏன் சிவக்குது?” பிறகு என் முகத்தையும் வெற்றிலைப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, சுண்ணாம்பு போட்டனீங்களோ?”

“…ஓம்.”

“டொக்டர், இது வருத்தமில்லை. இந்த மனிசன் காலுக்கு ஆலாத்தி கரைச்சிருக்கு.”

டொக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற டொக்டர் அடக்கவில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத தமிழன் இருக்கிறானா? எத்தனை கலியாண வீட்டில் ஆலாத்தித் தட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். பயம் வந்ததும் கண்ணுக்கு முன்னால் இருந்தது தெரியவில்லை, கனடாவில் இருந்ததுதான் தெரிந்தது. இரத்தத்தில் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்லி, எரிந்த தோலுக்குக் களிம்பு தந்து அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காவடி எடுத்தேன். பக்கத்தில் நடந்துவந்த தவமணி, “எனக்காண்டியெண்டு ஏன் சொல்லேல்லை?” என்றாள்.

“சொன்னா வேண்டாமெண்டிருப்பாய்.”

“ஓம். உந்த மூளையோட தனிய ஒண்டும் செய்யவேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்.”

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணம் என்றாலும், மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆலாத்தி எடுத்து முடிய, “தட்டைக் கொட்டிப்போடாதேங்கோ, அத்தான்ர கால் மிச்சமிருக்கு” என்று யாராவது சொல்வார்கள். சிரித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன்.

ஆனால் கதை என்னை விட்டுத் தனியாக நடக்கத் தொடங்கியது. கனடாவில் ரூபன் என் உயிரைக் காப்பாற்றினானாம். எங்கள் சந்தையில் உண்ணி நாகபாம்பாகிவிட்டது. எல்லாவற்றையும் பொறுத்தேன். போன பொங்கலில், முன்பின் தெரியாத ஒரு அம்மா கோயில் வீதியில் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மனே வந்து வட்டம் போட்டுக் காத்த கால் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் இந்தப் பேனையை உறுதியாகப் பிடித்தேன்.

அம்மனின் கையெழுத்து அவ்வளவு கோணல் இல்லை. வட்டம் போட்டவன் நான், வெற்றிலைச் சுண்ணாம்பால். வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கோ. சொல்லும்போது ஒன்றும் கூட்டவேண்டாம், என் மானத்தை நினைத்து ஒன்றும் குறைக்கவும் வேண்டாம்.